பழுப்புத் தண்ணீருக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் சுகர் இருக்கிற பெரியவர் யாராவது "பாதத்துல பாயின்ட் பாத்து அமுக்குறாங்களாம், போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினால், அவர் செருப்பு மாட்டுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான். யாரும் எங்களை வீடு தேடி வந்து ஏமாற்றவில்லை.

எனக்கு நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. ஒரு வருஷமாகக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துகிற மாதிரி இருக்கும். கூட வேலை பார்க்கிறவர் சொல்லித்தான் அந்த ரிஃப்ளெக்ஸாலஜி சென்டருக்கு, அதாவது பாதத்தில் பாயின்ட் பார்த்து அமுக்குகிற இடத்துக்கு, போனேன். திருச்சியில் ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடி. ஏசி, எலுமிச்சம்புல் வாசனை, மெதுவாகப் புல்லாங்குழல். சாய்வு நாற்காலியில் உட்கார்த்தி வெந்நீரில் காலை நனைத்து, எண்ணெய் தடவி நாற்பது நிமிஷம் பிடித்துவிட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், சுகமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் ஐந்நூறு ரூபாய்க்கு அது நியாயமான வியாபாரம்தான்.

சுவரில் பெரிய பாத வரைபடம். கட்டைவிரல் மூளை, நடுப்பாதம் சிறுநீரகம், உள்பக்க வளைவு முதுகெலும்பு என்று கலர் கலராக. பக்கத்தில் எகிப்தில் சக்காராவில் இருக்கிற கல்லறை ஓவியத்தின் படம், ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருப்பது. "பாதத்துல 7,200 நரம்பு முனை இருக்கு சார். நாலாயிரம் வருஷத்துக் கலை. நம்ம வர்மத்துல இருந்துதான் எகிப்துக்கே போச்சு" என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர். அவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன்.

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். ஓவியம் இருப்பது நிஜம், ஆனால் அதில் வரைபடம் எதுவும் கிடையாது. உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பத்து மண்டலமாகப் பிரித்துச் சொன்னவர் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர். அவர் புத்தகம் வந்தது 1917இல். அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து இன்ன உறுப்புக்கு இன்ன இடம் என்று குறித்தவர் யூனிஸ் இங்ஹாம் என்ற பெண்மணி, 1930களில். ஆக, சுவரில் தொங்கிய படத்துக்கு நூறு வயசுகூட ஆகவில்லை. வர்மத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். அம்மாவுக்கு 71 வயது, ஸ்ரீரங்கத்தில் வீடு, பதினாலு வருஷமாகச் சுகர். ரெண்டு வருஷமாக "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் 'பரிசோதனை' இலவசம். ஒரு சின்னப் பெண், நல்ல பெண், அன்பாகத்தான் பேசினாள். மழுங்கிய மரக்குச்சி ஒன்றால் பாதத்தில் ஒவ்வொரு இடமாக அழுத்திக் கேட்டாள்.

"இங்க வலிக்குதாம்மா?"

"லேசா வலிக்குதும்மா."

"இது கிட்னி பாயின்ட். கிட்னி வீக்கா இருக்கும்மா. சரி, இங்க?"

"ஒண்ணும் தெரியலயே."

அந்தப் பெண் திரும்பி வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். அவர் வந்து தானே அழுத்தினார். "தெரியலயா? இதான் கணையம். முழுசா பிளாக் ஆயிருக்கு, அதான் உணர்ச்சியே இல்ல" என்றார். பாதத்தைக் கட்டைவிரலால் உருட்டியபோது நறுநறுவென்று ஏதோ நெருடியது. "கேட்டுச்சா சார்? யூரிக் ஆசிட் கிறிஸ்டல். நரம்பு நுனியில படிஞ்சு கெடக்கு."

நான் தலையாட்டினேன். வலித்தால் உறுப்பு பலவீனம், வலிக்காவிட்டால் உறுப்பில் அடைப்பு. 'உங்களுக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்ல அந்தப் பரிசோதனையில் வழியே இல்லை. எனக்கு இது உறைக்க ரெண்டு மாதம் ஆனது.

இருபத்துநாலு அமர்வு பதினைந்தாயிரம், தீபாவளி ஆஃபரில் 9,999. ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது சென்டர் பெயருக்கு இல்லை, தனி ஆள் எண்ணுக்கு. பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். அப்போதே விழித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது அமர்வில்தான் மெஷின் வந்தது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், ரெண்டு ஸ்பூன் உப்பு, நடுவில் ஒயரோடு உலோகச் சுருள் ஒன்று. அதில் காலை வைத்து அரை மணி நேரம் உட்கார வேண்டும். பத்து நிமிஷத்தில் தண்ணீர் மஞ்சளானது, அப்புறம் செம்பழுப்பு, கடைசியில் பழைய புளிக்கரைசல் மாதிரி ஆகி மேலே நுரையும் கறுப்புத் துகளும் மிதந்தன. அம்மா பயந்துவிட்டார். "இவ்வளவும் என் உடம்புலயா இருந்துச்சு?" வெள்ளைக் கோட்டு ஒரு கலர் அட்டையை எடுத்து நீட்டினார். ஆரஞ்சு மூட்டிலிருந்து, பழுப்பு கல்லீரலிலிருந்து, கறுப்புத் துகள் உடம்பில் தங்கிய உலோகம், நுரை நிணநீர். வீட்டிலும் வாரம் மூன்று முறை செய்தால் ஆறே மாதத்தில் மாத்திரையே வேண்டாமாம். மெஷின் 16,500. வாங்கினோம்.

அம்மா வீட்டிலும் விடாமல் செய்தார். இன்னொன்றும் செய்தார், எங்களிடம் சொல்லாமல். ராத்திரி போடுகிற சுகர் மாத்திரையை, மெட்ஃபார்மினை, நிறுத்திவிட்டார். "நச்சு வெளியேறும்போது ஆங்கில மருந்தைக் கொறச்சுக்கணும்மா" என்று யாரோ அங்கே காதில் போட்டிருக்கிறார்கள். எழுதித் தரவில்லை, வாயால் சொன்னதுதான். எழுதித் தர அவர்கள் முட்டாள்கள் இல்லை.

பதினோராவது அமர்வு கார்த்திகை மாதக் கடைசியில். அடைப்பு இன்னும் எடுபடவில்லை என்று வெள்ளைக் கோட்டு குச்சியால் ரொம்ப நேரம் அழுத்தினாராம். முடிந்ததும் சூடான துணியைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் என் மனைவி கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். மொசைக் தரையில் சமையலறையிலிருந்து பூஜை அறை வரைக்கும் வரிசையாகச் சின்னச் சின்ன ஈரப் புள்ளிகள், லேசான சிவப்பில். அம்மாவை உட்காரவைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தால், வலது கட்டைவிரலுக்குக் கீழே எட்டணா அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடக்கிறது. "வலிக்கலயா அத்தை?" என்று கேட்டாள். "எங்கம்மா?" என்று குனிந்து பார்த்தார் அம்மா.

சென்டருக்கு போன் போட்டேன். "பயப்படாதீங்க சார், இது ஹீலிங் கிரைசிஸ். நச்சு வெளியேறுற வழி அது. அடுத்த சிட்டிங்குக்கு கூட்டிட்டு வாங்க" என்று பதில் வந்தது.

நல்லவேளை, கூட்டிக்கொண்டு போகவில்லை. சுகர் டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றில் 248. அவர் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். அது வளையும்போது பத்து கிராம் அழுத்தம் விழுமாம். அந்தத் தொடுதல் தெரியாவிட்டால் காலுக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். அம்மாவுக்கு மூன்று இடத்தில்தான் தெரிந்தது. பஞ்சு மேல் நடப்பது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். சென்டரில் 'கணையத்தில் அடைப்பு' ஆனதும் இதுவேதான்.

"நரம்பு செத்த காலைக் குச்சியால அமுக்கவும் கூடாது, சூடு வைக்கவும் கூடாது. தினம் ஊற வைக்கிறதும் தப்பு. உங்க அம்மா கத்த மாட்டாங்க, அதனால அமுக்குறவனுக்கு எங்க நிறுத்தணும்னே தெரியாது" என்றார் டாக்டர். நறுநறுப்பைப் பற்றிக் கேட்டேன். தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பும் தசைநாரும் அழுத்தத்தில் நழுவுவதுதானாம். என் காலையும் உருட்டிக் காட்டினார், அதே சத்தம்.

ஆறு வாரம் டிரெஸ்ஸிங். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பார்க்காத வருஷமே அம்மாவுக்குக் கிடையாது. ராஜகோபுரம் தெரிகிற தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு இந்த வருஷம் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து டிவியில் பார்த்தார். இப்போது சுகர்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, வீட்டுக்குள்ளேயும்.

மெஷினை நான் சோதித்தது அந்த ஏகாதசி அன்றைக்குத்தான். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, யார் காலையும் வைக்காமல் சுவிட்சைப் போட்டேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, நுரை, துகள், எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகிறது. அவ்வளவுதான் விஷயம், பத்தாம் வகுப்பு வேதியியல். சுருளின் தகடு தேய்ந்து போவதால்தான் முப்பது தடவைக்கு ஒருமுறை 1,800 ரூபாய்க்குப் புதுச் சுருள் மாற்றச் சொல்கிறார்கள். தேய்ந்த இரும்பு எங்கே போயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தொட்டிக்கும் கல்லீரல் கெட்டுப் போச்சு போலிருக்கு" என்றார்.

இப்படி எழுதுவதால் கால் பிடித்துவிடுவதே மோசடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கிற காலுக்கு அது இதம்தான், மனசும் லேசாகும். ஆனால் நோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, எந்த நோய்க்கும் பலன் தருவதாக நம்பும்படி நிரூபணம் இல்லை என்று எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் 2009லேயே எழுதிவிட்டார். ஆஸ்திரேலியாவில் 2019 ஏப்ரல் முதல் தனியார் மருத்துவக் காப்பீட்டு மானியத்திலிருந்து இதை நீக்கிவிட்டார்கள். நம் ஊர் ஆயுஷ் பட்டியலில் சித்தா, ஆயுர்வேதம், யுனானி எல்லாம் இருக்கின்றன. ரிஃப்ளெக்ஸாலஜி தனி மருத்துவ முறையாக இல்லை. அதனால் பாதம் அழுத்துகிறவர் கோட்டுப் போட்டிருந்தால் எந்தப் பதிவு எண் என்று கேளுங்கள். நான் கேட்டபோது சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டினார்கள். மூன்று நாள் பயிற்சி, அதுவும் ஆன்லைனில்.

பணத்துக்கு என்ன செய்தேன் என்றால், 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிந்தேன். தெரிந்த வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினேன். அவர்களுடைய துண்டறிக்கையில் 'சுகருக்கு நிரந்தரத் தீர்வு' என்று அச்சாகியிருந்ததை வக்கீல்தான் பிடித்தார். மருந்தோ கருவியோ காட்டி நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது. நோட்டீஸில் அந்த ஒரு பத்தி போனதும் வெள்ளைக் கோட்டின் குரல் இறங்கிவிட்டது. மீதி பதின்மூன்று அமர்வுக்கென்று ஐயாயிரம் திருப்பிக் கொடுத்தார். மெஷினுக்கு மாட்டேன் என்றுவிட்டார், பயன்படுத்திய பொருளாம்.

அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், எஸ்டிமேட் சீட்டு, துண்டறிக்கை, கால் புண்ணின் தேதியிட்ட போட்டோ, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் மனு நிற்கிறது. அந்தத் துண்டறிக்கையைப் பழைய பேப்பரோடு போட இருந்தேன், மனைவிதான் எடுத்து வைத்தாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பேக்கரிக்கு மேலே போர்டு மாறிவிட்டது, புதுப் பெயர். மாடிப்படி வளைவில் பழைய கல்லறைப் படம் அப்படியே தொங்குகிறது. எங்கள் அபார்ட்மென்டிலேயே ரெண்டு வீட்டுக்கு 'முதல் பரிசோதனை இலவசம்' என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. மேல் வீட்டு மாமா, "போய்த்தான் பார்ப்போமே, என்ன ஆகிடும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மெஷின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாமாவை இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் திருச்சிப் பக்கம் என்றால் வாங்க, தொட்டியும் தண்ணீரும் தயாராக இருக்கும். ரெண்டு ஸ்பூன் உப்பு மட்டும் கொண்டுவந்தால் போதும்.