பெயரை வைத்துக் குணம் சொல்ல எந்த எண்கணித முறை: கல்தேயமா, பித்தாகரஸா?

மாலினி என்ற பெயரை வழக்கமான ஆறு ஆங்கில எழுத்துகளில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய எண்ணைக் கூட்டினால், கல்தேய முறையில் 15 வரும். அதன் இலக்கங்களைக் கூட்டிச் சுருக்கினால் 6. பித்தாகரஸ் முறையில் 31, சுருக்கினால் 4. முதல் முறைக்கு அவர் கலை ரசிகை, இரண்டாவதற்கு ஒழுங்கு பிசகாத உழைப்பாளி.

இரண்டுக்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது. 1948-ல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே குணக்குறிப்பை, அவரவருக்கென்றே எழுதியது போலக் கொடுத்தார். 'எனக்குப் பொருந்துகிறது' என்று அவர்கள் போட்ட மதிப்பெண் 5-க்குச் சராசரியாக 4-க்கு மேல். அப்படியும் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் கல்தேயத்தைத்தான் சொல்வேன்.

பித்தாகரஸ் அட்டவணை சுலபம்: ஏ-யில் தொடங்கி 1 முதல் 9 வரை, பிறகு மறுபடி 1. கைரேகையாளர் சீரோவால் (Cheiro) பரவிய கல்தேயத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் எல்லாம் 1. பி (B), கே, ஆர் 2. எஃப், பி (P) 8. எந்த எழுத்துக்கும் 9 இல்லை.

விஷயமே அந்த 9-ல்தான் இருக்கிறது. பித்தாகரஸில் ஐ, ஆர் இரண்டுக்கும் மதிப்பு 9. ஒற்றை இலக்கமாகச் சுருக்கும்போது 9-ஐக் கூட்டினாலும் கழித்தாலும் விடை மாறாது. மாலினியில் உள்ள இரண்டு ஐ-களையும் அடித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள்: 13, மறுபடி அதே 4. நந்தினி, ரஜினி, ஹரிணி என்று இகரம் மலிந்த நம் பெயர்களில் பாதி எழுத்து வரை சும்மா நிற்கிறது என்று அர்த்தம். கல்தேயத்தில் எந்த எழுத்தை எடுத்தாலும் விடை மாறும்.

அடுத்தது கூட்டு எண், அதாவது சுருக்குவதற்கு முன் வரும் தொகை. ரேவதியை 'டிஎச்' போட்டு எழுதினால் கல்தேயத்தில் 24, அதுவும் 6-தான். ஆனால் சீரோ வழியில் 15-க்குப் பேச்சுத்திறன், இசை, நாடகத்தன்மை. 24-க்குப் பெரியவர்கள் ஆதரவு, அன்பால் வரும் ஆதாயம். பித்தாகரஸ்காரர்கள் 11, 22, 33 தவிர மற்றதையெல்லாம் சுருக்கிவிடுவார்கள்.

பலரும் சறுக்குவது அட்டவணையை ஒரு முறையிலும் பலனை இன்னொரு முறையிலும் எடுப்பதில். பித்தாகரஸில் 4 என்றால் திட்டமிட்டு உழைப்பவர். சீரோவின் 4 எதையும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவர், விதிகளோடு மோதுபவர். 8-ம் அப்படித்தான்: அங்கே அதிகாரமும் பணமும், இங்கே சனியும் தனிமையும்.

பித்தாகரஸுக்கும் ஒரு பலம் உண்டு. உயிரெழுத்துகளைத் தனியே கூட்டி உள்மன ஆசையையும், மெய்யெழுத்துகளைக் கூட்டி வெளித்தோற்றத்தையும் சொல்லும். ஆனால் அதற்குப் பிறப்பில் வைத்த முழுப்பெயர் வேண்டும். இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சேர்ப்பதா என்ற இடத்தில் ஆளுக்கொரு கணக்கு. கல்தேயம் கூப்பிடும் பெயரை எடுத்துக்கொள்வதால் நமக்கு அந்தச் சிக்கல் குறைவு.

கூட்டும் முன் எழுத்துக்கோவையை முடிவு செய்துவிடுங்கள். ரேவதியில் 'எச்' விடுபட்டால் கல்தேயத்தில் 19, அதாவது 1; 6-க்குரிய சுக்கிரன் போய் 1-க்குரிய சூரியன் வந்துவிடும். சான்றிதழில் ஒன்றும் கையெழுத்தில் வேறொன்றும் இருந்தால், தினமும் புழங்குவதையே எடுங்கள்.