பழைய கணினியைச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: 4,700 ரூபாய் பறிபோன விவரம்

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம் பக்கம் பழைய கணினியை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிற எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். விண்டோஸோடு சேர்ந்தே வருகிற, காசில்லாமல் நாமே நிறுத்திவிடக்கூடிய ஒரு பின்னணிச் சேவையைக் காட்டி, அதை வைரஸ் என்று சொல்லி, ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் என்னிடம் 4,700 ரூபாய் வாங்கினார்கள். அதை நிறுத்தவும் இல்லை. நான் கேட்காத வேறு மூன்று மென்பொருள்களை உள்ளே ஏற்றியும் அனுப்பினார்கள்.

என்னுடையது 2013இல் வாங்கிய மேசைக் கணினி. 4 ஜிபி ராம், சுழலும் வகை ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7உடன் வந்ததை, மைக்ரோசாஃப்ட் இலவசமாக மேம்படுத்திக்கொள்ள இடம் கொடுத்த காலத்தில், 2016இல், விண்டோஸ் 10க்கு மாற்றினேன். மண்ணடியில் சில இரும்புக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி இணையதளமும் திறந்தால் எனக்குப் போதும். சில வாரங்களாகக் கணினியைப் போட்டதுமே ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது, டேலி திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம் என்ற நிலை வந்தது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் கடைக்காரருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் விழும் என்பதால், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் மாடியில் இருக்கும் அந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

நான் எப்படி நம்பினேன் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதே வரிசையில்தான் பேசுவார்கள். கடைக்காரர் அவசரப்படவில்லை. என்னை உட்காரவைத்து, கணினியை என் கண்ணெதிரே இயக்கி, உள்ளே என்னென்ன ஓடுகின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற பத்தி சிவந்து 100 சதவீதத்தில் நிற்பதைக் காட்டினார். "அண்ணா, நீங்க ஒண்ணுமே ஓப்பன் பண்ணலை, ஆனா உள்ளே ஒருத்தன் ஓடிக்கிட்டே இருக்கான் பாருங்க" என்று சொல்லி, சர்வீஸ் ஹோஸ்ட்: சிஸ்மெயின் என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதனால்தான் வைரஸ் உள்ளே வந்திருக்கிறது என்றார். தேதி உண்மையானது, செய்தித்தாளில் நானே படித்தது. கண்ணால் பார்த்த 100 சதவீதமும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில் அந்தப் பொய்யை வைத்தபோது எதிர்க்கேள்வி எழவே இல்லை. வைரஸ் நீக்கம், புது விண்டோஸ், மூன்று வருட ஆன்டிவைரஸ் என்று கணக்குப் போட்டு 4,700 ரூபாய் சொன்னார். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் தனியாக ஆகும், நம்ம ஏரியா ஆள் உங்களுக்கு எதற்கு என்று சொல்லி, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார். ஜிபேயில் அனுப்பியபோது கடையின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர்தான் வந்தது.

கணினி திரும்பி வந்த அன்று மாலையே அதே விளக்கு அணையாமல் எரிந்தது. டெஸ்க்டாப்பில் நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த பில்கள் முழுவதும் காணவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் செய்திருந்தார்கள். டேலி தரவு பென் டிரைவில் இருந்ததால் அது மட்டும் தப்பித்தது. தொலைபேசியில் அழைத்தபோது, புது விண்டோஸ் செட் ஆக நேரம் எடுக்கும், ஓடவிடுங்கள் என்றார்கள். மறுநாள் அழைத்தபோது, வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான், அவன் வந்தால்தான் தெரியும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படங்களுக்கு நீலக் குறி விழுந்ததே தவிரப் பதில் வரவில்லை. நேரில் போனபோது, என்னை உட்காரவைத்துப் பேசிய அதே மனிதர் நின்றபடியே, "போர்டே பழசு சார், இதுக்கு மேல இதுல ஒண்ணும் பண்ண முடியாது" என்று முடித்துக்கொண்டு, 16,500 ரூபாய்க்கு ஒரு பழைய கணினியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பணம் வாங்கும்வரை அண்ணா, வாங்கிய பிறகு சார். 4,700 ரூபாயைப் பற்றிக் கேட்டால், சர்வீஸ் சார்ஜுக்கு வாரண்டி கிடையாது, பில் இருந்தால் காட்டுங்கள் என்கிறார். பில் வேண்டாம் என்று சொன்னவரே பில்லைக் கேட்கிறார்.

உண்மையைக் கண்டுபிடித்தது பொறியியல் படிக்கும் என் மைத்துனரின் மகள். "மாமா, இது வைரஸே இல்லை" என்று அவள் சொன்னபோது எனக்கு உடம்பே பதறியது. சிஸ்மெயின் என்பது விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருக்கிற சேவை, முன்பு அதற்கு சூப்பர்ஃபெட்ச் என்று பெயர். நாம் அடிக்கடி திறக்கும் மென்பொருள்களைக் கவனித்து, அவற்றை முன்கூட்டியே ராமுக்குள் எடுத்து வைப்பது அதன் வேலை. ராம் குறைவாகவும் ஹார்டு டிஸ்க் சுழலும் வகையாகவும் இருக்கிற பழைய கணினிகளில் சில நேரம் இதுவே டிஸ்க்கை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் பொத்தானோடு ஆர் விசையை அழுத்தி, சர்வீசஸ்.எம்எஸ்சி (services.msc) என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறந்தால் வரும் பட்டியலில் சிஸ்மெயினை இரட்டைச் சொடுக்கு செய்து, ஸ்டாப் என்பதை அழுத்தி, ஸ்டார்ட்அப் டைப் என்ற இடத்தில் டிஸேபிள்டு என்று மாற்றி, ஓகே கொடுத்தாள். கோப்பு எதுவும் அழியாது, வேண்டுமென்றால் அதே இடத்தில் திரும்ப ஆட்டோமேட்டிக் என்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் விளக்கு அணைந்தது, டேலி உடனே திறந்தது. இதற்கு நான் கொடுத்தது 4,700 ரூபாய்.

கடைக்காரர்கள் உள்ளே வைத்தவற்றையும் அவள் வரிசையாக எடுத்தாள். மூன்று வருட ஆன்டிவைரஸ் என்றது 30 நாள் இலவசப் பதிப்பு. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கும்போது அதுவே ஒரு கூடுதல் சுமை. என்னுடைய முறையான விண்டோஸ் ஹோம் பதிப்பை அழித்துவிட்டு ப்ரோ பதிப்பைப் போட்டு, அது அசல்போல் காட்டிக்கொள்வதற்காக ஒரு திருட்டு ஆக்டிவேட்டரை, நிரல்களைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஹோம் பதிப்பையே திரும்ப நிறுவியிருந்தால், மதர்போர்டோடு பிணைந்த உரிமம் இணையம் கிடைத்ததும் தானாகவே செயல்பட்டிருக்கும். மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது: வேறொரு இடத்தில் இருந்துகொண்டு இந்தக் கணினியை இயக்கும் செயலி ஒன்று, நான் அனுமதி கொடுக்காமலே இணைப்பை ஏற்கும்படி கடவுச்சொல் வைக்கப்பட்டு, கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. இந்தக் கணினியில்தான் ஐந்தாறு வியாபாரிகளின் ஜிஎஸ்டி நுழைவு விவரங்களும் வங்கிக் கணக்கு அறிக்கைகளும் இருக்கின்றன. இதைப் பற்றிக் கேட்டதற்கு, அது உங்கள் வசதிக்குத்தான் என்று சொல்லித் தொலைபேசியைத் துண்டித்துவிட்டார்கள். அதன் பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் அங்கே மணி போவதே இல்லை.

ஜிபே ரசீது, விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 4,700 ரூபாய் அந்தக் கடைக்குச் சிறிய தொகையாக இருக்கலாம், எனக்கு அது ஒரு கடையின் இரண்டு மாதக் கணக்குக் கூலி.

விரிவாக ஆலோசனை எழுத இப்போது எனக்குப் பொறுமை இல்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். டிஸ்க் 100 சதவீதம் என்று யார் காட்டினாலும், டிஸ்க்கைப் பிடித்திருப்பது எந்த நிரல் என்று அதன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்ட பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். பில் தர மறுக்கும் கடையில் கணினியை இறக்கவே இறக்காதீர்கள். ஃபார்மட் செய்யக்கூடாது என்பதை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். அண்மையில் எங்காவது சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியிருந்தால், இன்றே இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலில் தொலைவிலிருந்து இயக்கும் செயலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நீக்கிவிட்டு, வங்கி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி கடவுச்சொற்கள் அனைத்தையும் அந்தக் கணினியில் அல்லாமல் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.