பெயர் சொல்லிப் பழகிய இரண்டு மணி நேரம்

நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காகக் கோயம்புத்தூரில் சென்ற மாதம் நடந்த பாலியல் கல்வி வகுப்பில், ஆறு வயது மகளுக்கும் மூன்று வயது மகனுக்கும் தாய் என்ற முறையில் நானும் கலந்துகொண்டேன். கட்டணம் 600 ரூபாய்.

வகுப்பை நடத்திய உளவியல் ஆலோசகர், பலகையில் ஒரு குழந்தையின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு உறுப்பையும் வீட்டில் என்ன சொல்லி அழைக்கிறோம் என்று கேட்டார். கண், மூக்கு, முழங்கால் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள், சுட்டுகோல் அடிவயிற்றுக்குக் கீழே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டோம். சற்று நேரம் கழித்து ‘குஞ்சு’, ‘ஒன்றுக்குப் போகிற இடம்’, ‘ஷேம் ஷேம்’ என்று ஒவ்வொன்றாக வந்தன. வெட்கப்பட வேண்டிய இடம் என்று நாமே சொல்லி வளர்த்த குழந்தை, அந்த இடத்தில் யாராவது கை வைத்தால் நம்மிடம் எப்படி வந்து சொல்லும் என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனெனில் அந்த மூன்றாவது சொல் என் வீட்டுச் சொல். பிறகு ஆண்குறி, பெண்குறி என்ற சொற்களை எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். நான்காவது முறை சொன்னபோது குரல் நடுங்கவில்லை.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று பிரித்துச் சொல்வது போதாது என்று அவர் விளக்கியதும் எனக்குப் புதிது. கிச்சுகிச்சு மூட்டுவதுபோலத் தொடங்கும் தொடுதல் குழந்தைக்குக் கெட்டதாகத் தோன்றாமல் போகலாம் என்பதால், அந்தரங்க உறுப்புகளை யார் எதற்காகத் தொடலாம், எதை ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதிகளையே கற்பிக்கச் சொன்னார். மாமாவுக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்துவதையும் நிறுத்தச் சொன்னார். இந்த வயதிலேயே இதெல்லாம் வேண்டுமா என்று ஒரு தாத்தா கேட்டதற்கு, 2018இல் திருத்தி வெளியிடப்பட்ட யுனெஸ்கோவின் பாலியல் கல்வி வழிகாட்டுதலே 5 வயதிலேயே தொடங்குகிறது என்று பொறுமையாகப் பதில் சொன்னார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட சிறுவர், சிறுமியர் இருபாலருக்கும் பொருந்தும் என்பதையும், குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் அளிப்பது கட்டாயம் என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சுருக்கமாகச் சொன்னார்.

குறைகளும் உண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய படத்தாள்கள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. பகலெல்லாம் என் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் மாமியாருக்கு அவற்றால் பயனில்லை. ஒன்பது, பத்து வயதிலேயே பூப்பெய்தும் சிறுமிகள் இருக்க, மாதவிடாய் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மனவளர்ச்சி குன்றிய தம் மகனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று ஒரு தந்தை கேட்டார். அவருக்குத் தனியாகவே நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். வந்திருந்த இருபத்திரண்டு பேரில் ஆண்கள் நால்வர்தான்.

இருந்தாலும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முடிந்தால் கணவன் மனைவி இருவருமாகச் செல்லுங்கள். மறுநாள் காலை மகளைக் குளிப்பாட்டும்போது, சோப்புப் போட்டபடியே ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு, “இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல?” என்று கேட்டாள்.