தடைப்பட்டியலா, அனுமதிப்பட்டியலா, பிரித்து அனுப்புவதா?

பயனர் படிவத்தில் தட்டச்சு செய்வதை அப்படியே நம்பி, தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்வியான வினவலில் ஒட்டினால் தரவுத்தளம் பறிபோகும் என்பது புதுச் செய்தி அல்ல. 1998 டிசம்பரிலேயே 'ஃப்ராக்' மின்னிதழ் அதை விளக்கிவிட்டது. ஆனாலும் 2015இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே வழியில்தான், அதாவது எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் எழுதிய வினவலுக்குள் கட்டளையை நுழைக்கும் எஸ்க்யூஎல் ஊடுருவலில்தான் போயின. மறு ஆண்டு நான்கு லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. தடுக்கும் வழிகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் எது போதும் என்பதில்தான் நிரலர்களுக்குள் தகராறு.

தடைப்பட்டியல் என்பது ஆபத்தான சொற்களைத் தேடி நீக்குவது. ஒரே மாலையில் எழுதி முடித்துவிடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. வலைப்பக்கத்துக்குள் நிரலை ஓடவைக்கும் 'ஸ்கிரிப்ட்' என்ற சொல்லை ஒருமுறை தேடி நீக்கும் வடிகட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குபவர் 'ஸ்கிஸ்கிரிப்ட்ரிப்ட்' என்று அனுப்புவார். வடிகட்டி நடுவில் இருப்பதை எடுத்துவிடும். இரண்டு ஓரங்களும் ஒட்டிக்கொள்ள, தடைசெய்த சொல் முழுதாக நிற்கும். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை நீக்கிவந்தது. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற நிரலர் அச்சொல்லை நடுவில் ஒடித்து இரண்டு வரியாக எழுதினார். சில உலாவிகள் அதையும் ஏற்றுக்கொண்டன. இருபது மணி நேரத்துக்குள் அவருடைய புழு, அதாவது தானே பரவும் நிரல், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பக்கங்களுக்குப் பரவியது.

வலைச் செயலிகளுக்கு வரும் கோரிக்கைகளை வடிகட்டும் தீயரணை விற்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் விற்பதும் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நிறுத்திய தடைப்பட்டியல்தான். 2021 டிசம்பரில் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நிரல் நூலகத்தின் ஓட்டை வெளியானதும், தாக்குதல் வரியில் வரும் 'ஜேஎன்டிஐ' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தடுக்க அவசர விதிகள் எழுதினார்கள். தாக்குபவர்களோ 'ஜே' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜேயைச் சிற்றெழுத்தாக்கு' என்ற கட்டளையை நுழைத்தார்கள். தீயரண் எதையும் காணவில்லை. லாக்ஃபோர்ஜே தானே சொல்லைக் கூட்டிக்கொண்டது. திருத்தத்தை நிறுவும்வரை கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் என்ற கணக்கில் மட்டும் தீயரணை வாங்கலாம்.

அனுமதிப்பட்டியல் எவ்வளவோ மேல். எது வரலாம் என்று முதலில் வரையறுத்துவிட்டு மற்றதையெல்லாம் திருப்பி அனுப்புகிறது. இந்திய அஞ்சல் குறியீடு என்றால் ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்ஜியம் அல்ல. அத்துடன் வேலை முடிந்தது. பெயர் என்று வந்தால்தான் சிக்கல். 'எந்த மொழி எழுத்தும் வரலாம்' என்று தாராளமாக விதி எழுதியவர்கூடத் தமிழிடம் மாட்டிக்கொள்வார். யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. அந்த விதி 'கமல' என்பதை ஏற்கும், 'கமலா'வைத் தள்ளிவிடும். குமாருக்கோ உள்ளே இடமே இல்லை. குறிகளையும் சேர்த்து அனுமதித்தால் தீரும். ஆனால் அயர்லாந்துக்காரர் ஓ'பிரையனை என்ன செய்வது? அவர் பெயரில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறிதான் எஸ்க்யூஎல் ஊடுருவலின் பேர்போன ஆயுதம். அதை அனுமதிக்காவிட்டால் அவர் கணக்குத் திறக்க முடியாது. அனுமதித்தால் சரிபார்ப்பு காவலாக இருக்க முடியாது.

ஊடுருவலைத் தடுக்க என் தேர்வு மூன்றாவது வழி: அளவுருவுடன் கூடிய வினவல். கேள்வியின் வடிவம் முதலில் தனியாகப் போகும். பயனர் தந்தது பின்னால் வெறும் மதிப்பாகப் போகும். ஓ'பிரையன் எத்தனை மேற்கோள் குறிகளோடு வந்தாலும் அது பெயர்தான், கட்டளையாக மாறாது. இதிலும் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு: பயனர் தந்த எழுத்துச் சரங்களை ஒட்டியே வினவலைத் தயாரித்துவிட்டு, பெயருக்கு அளவுரு முறையை அழைப்பவர்கள்.

இந்த வழி எட்டாத இடங்களும் இருக்கின்றன. சேமித்த பெயரைப் பக்கத்தில் காட்டும்போது உலாவி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதபடி வெளியீட்டைத் தனியே குறியாக்கம் செய்தாக வேண்டும். எந்த நெடுவரிசைப்படி வரிசைப்படுத்துவது என்பதைப் பயனர் தேர்ந்தால், நெடுவரிசைப் பெயரை அளவுருவாக அனுப்ப இயலாது. அங்கே மீண்டும் அனுமதிப்பட்டியல்தான்: 'பெயர்', 'தேதி', 'விலை' என்ற மூன்றில் ஒன்றா என்று பாருங்கள், இல்லையென்றால் கோரிக்கையை நிராகரியுங்கள்.