புதுச்சேரி ரிசப்ஷனுக்கு ஒயின் வாங்கிய அனுபவம்

அக்கா மகள் கல்யாணத்துக்காக ஆகஸ்டில் பாரிஸிலிருந்து புதுச்சேரி போயிருந்தோம். தாய்மாமன் என்பதால் சீர்வரிசையோடு ரிசப்ஷனுக்கான ஒயின் பொறுப்பும் என்னிடம் வந்தது. ரிசப்ஷன் 17ஆம் தேதி. சுதந்திர தினத்தன்று மதுக்கடைகள் அடைப்பு என்பதால் 14ஆம் தேதிக்குள் வாங்கிவிட முடிவு செய்தோம்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டல். அங்கே பார் உரிமம் இருந்தது. சாதாரண மண்டபமாக இருந்தால் கலால் துறையில் தனி அனுமதி வாங்க வேண்டும். பாட்டிலுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் கட்டினால் நாமே ஒயின் கொண்டுவரலாம் என்றார்கள். "180 பேர் சார், 60 பாட்டில் போடுங்க, பாதி ரெட்டு, பாதி ஒயிட்டு" என்றார் மேனேஜர். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. அக்காவும் நானும் அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். குடிப்பவர்கள் 70 பேர் தேறினார்கள். அதில் பீர், விஸ்கி ஆட்களைக் கழித்தால் ஒயினுக்கு 40 பேர். மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு மூன்று கிளாஸ், மொத்தம் 120. 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். ஆக 24 பாட்டில், கைகாவலாக இன்னும் மூன்று. வாழ்த்துச் சொல்லும்போது 70 பேர் கையிலும் இருக்க சுலா பிரூட் என்ற நுரைக்கும் ஒயின் 12 பாட்டில். அதைச் சின்ன கிளாஸில் ஊற்றினால் பாட்டிலுக்கு ஆறு வரும். மணமக்கள் மேசைக்கு மட்டும் ஷாம்பெயின். ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கவரி இல்லை என்பதால் நானும் மனைவியும் ஆளுக்கு இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தோம்.

கடையில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். முதலில் போன கடையில் வெயில் விழும் கண்ணாடி ஓரத்தில் பாட்டில்களை நிற்க வைத்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். மேலே சுற்றியிருந்த தாள் பிசுபிசுத்தது. கார்க் ஒரு நூல் அளவு வெளியே தள்ளியிருந்தது. சூட்டில் ஒயின் விரிந்து கசிந்தால் இப்படித்தான் இருக்கும். வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கடையில் ஏசி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். "சீல் உடைக்காம கொண்டாங்கண்ணே, திருப்பி எடுத்துக்கறேன்" என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார் கடைக்காரர்.

விருந்தில் இறால் வறுவல், மட்டன் பிரியாணி. துவர்ப்பு மிகுந்த ரெட் ஒயின் மிளகாயின் காரத்தை இன்னும் ஏற்றிக் காட்டும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற ஒயிட் ஒயின் அதைத் தணிக்கும். அதனால் ஒயிட் 12, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் 6, ரெட் 9.

அப்புறம் குளிர்ச்சி. ஒயிட் ஒயினை ஐஸ் கட்டியில் மட்டும் புதைத்தால் சீக்கிரம் குளிராது. ஐஸோடு தண்ணீரும் ஒரு கை கல்லுப்பும் சேர்த்தால் இருபது நிமிடத்தில் தயார். ரெட்டையும் கொஞ்ச நேரம் அதில் வைக்கச் சொன்னேன். அந்த ஊர்ப் புழுக்கத்தில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும்.

பாரை மொட்டை மாடியில் வைத்தோம். கீழே பெரியவர்களுக்கு நன்னாரி சர்பத்தும் எலுமிச்சை ஜூஸும். பெரியப்பா முன்னால் கிளாஸோடு நிற்க இங்கே யாருக்கும் மனசு வராது.

ஒரு குறை உண்டு. பரிமாறிய தம்பிகள் கிளாஸ் நிறைய ஊற்றிவிட்டார்கள், 200 மில்லிக்குக் குறையாது. ஒயிட் ஒன்பது மணிக்கே தீர்ந்தது. அளவை அவர்களிடம் முதலிலேயே காட்டியிருக்க வேண்டும். பிறகு ஒரு கிளாஸில் 150 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி பார் மேசையில் வைத்தேன். அதன் பிறகு ரோஸேயும் ரெட்டும் கடைசிவரை தாக்குப்பிடித்தன.

மிஞ்சிய நான்கு ரெட் பாட்டிலையும் மறுநாள் கொண்டுபோனேன். கடைக்காரர் சீலை மட்டும் பார்த்துவிட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்தார்.