பிஎஸ்ஷட்டவுன்: கடை மூடும் நேரத்தில் சிஸ்டத்தை ஸ்லீப்பில் போட ஒரு வரி

சென்னை தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் உள்ள கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களிலும் சரி, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளின் பில்லிங் கவுண்டரிலும் சரி, ஷட்டர் இறங்கிய பிறகும் சிஸ்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஷட்டவுன் செய்தால் காலையில் எல்லா விண்டோவையும் மறுபடி திறக்க வேண்டுமே என்கிற சலிப்பு. சாதாரண டெஸ்க்டாப் ஒன்று சும்மா இருக்கும்போது 40 முதல் 60 வாட் வரை இழுக்கும். ஸ்லீப்பில் ஒன்றிரண்டு வாட்தான். 50 வாட் என்றே வைத்தாலும், இரவு 12 மணி நேரத்துக்கு 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட். ஐந்து சிஸ்டம் இருந்தால் 90 யூனிட், அதுவும் கமர்ஷியல் ரேட்டில்.

"30 நிமிஷத்தில் தானாக ஸ்லீப்" என்று பவர் செட்டிங்கில் வைத்தால் போதாதா? போதாது. பிரவுசரில் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் போதும், ஆடியோ டிரைவர் "நான் வேலையாக இருக்கிறேன்" என்று விண்டோஸிடம் கை தூக்கிவிடும். சிஸ்டம் விடிய விடிய தூங்காது. அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ்' கொடுத்தால் கை தூக்கியது யாரென்று பெயரோடு காட்டும். ஸ்கிரிப்ட் மூலம் ஸ்லீப் போட்டால் இந்தக் கேள்வியே கிடையாது. யார் கை தூக்கினாலும் படுக்க வைத்துவிடும்.

விண்டோஸில் இதற்கு நேரடிக் கட்டளை இல்லை என்பதுதான் வேடிக்கை. 'ஷட்டவுன்' கட்டளையில் அணைக்கலாம், ரீஸ்டார்ட் செய்யலாம், ஹைபர்னேட் (ராமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) கூடச் செய்யலாம். ஸ்லீப்புக்கு மட்டும் ஸ்விட்ச் வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது பிஎஸ்ஷட்டவுன். மார்க் ருசினோவிச் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கியதால் இப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 'பிஎஸ்டூல்ஸ்' என்ற ஜிப் ஃபைலுக்குள் மற்ற கருவிகளோடு இருக்கும்.

நிறுவுவது

ஜிப்பை விரிப்பதற்கு முன் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், 'அன்பிளாக்' டிக். இதை விட்டால் பிறகு ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கைப் பெட்டி வரலாம். சி டிரைவில் 'டூல்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பிஎஸ்ஷட்டவுன்64 ஃபைலை மட்டும் அதில் வையுங்கள். டெஸ்க்டாப்பில் வைத்தால் யாராவது ஒருநாள் "இது என்ன குப்பை" என்று அழித்துவிடுவார்கள்.

கட்டளையைப் போனில் சொல்லும்போது குழம்பாமல் இருக்க, டெல்லி 'டி', டைகர் 'டி' என்று பிரித்துச் சொல்லுங்கள். முன்னால் சிறு கோடு போட்ட டெல்லி 'டி' என்றால் ஸ்லீப். டைகர் 'டி'க்குப் பக்கத்தில் எண் வரும். எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது அது. எண் கொடுக்காவிட்டால் 20 விநாடி எடுத்துக்கொள்ளும். கேஷியர் கிளம்பும் அவசரத்தில் "ஒன்றும் நடக்கலையே" என்று இரண்டு மூன்று தடவை கிளிக் செய்வது இந்த 20 விநாடியால்தான். ஆகவே 0 கொடுத்துவிடுங்கள். 'ஹெச்' கொடுத்தால் ஹைபர்னேட், 'எல்' கொடுத்தால் லாக்.

கூடவே 'அக்செப்ட்யூலா' என்ற ஸ்விட்சையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். முதல் தடவை ஓடும்போது உரிம ஒப்பந்தப் பெட்டி ஒன்று வந்து 'அக்ரீ' அழுத்தச் சொல்லும். கையால் ஓட்டினால் பிரச்சினை இல்லை. குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில், 'சிஸ்டம்' என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கில் ஓட்டினால் அந்தப் பெட்டி யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் காத்துக்கொண்டே இருக்கும், சிஸ்டம் தூங்காது. சம்மதம் ஒவ்வொரு யூசர் கணக்குக்கும் தனித்தனியாகப் பதிவாகிறது. உங்கள் லாகினில் ஒருமுறை அழுத்தியது 'சிஸ்டம்' கணக்குக்குச் செல்லாது. "கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, ஷெட்யூலரில் மட்டும் இல்லை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஷெட்யூலரில் இன்னொரு கண்ணியும் உண்டு. 'குறித்த நேரம் தவறினால் கூடிய சீக்கிரம் ஓட்டு' என்று செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இரவு 9.30-க்கு வைத்த டாஸ்க், அன்று கரண்ட் போய் சிஸ்டம் அணைந்திருந்தால், மறுநாள் காலை சிஸ்டம் எழுந்த கொஞ்ச நேரத்தில் ஓடும். கவுண்டரில் கஸ்டமர் நிற்கும்போது திரை கறுத்துப் போகும்.

பேக்கப் எடுத்துவிட்டு ஸ்லீப் போட வேண்டுமானால் இரண்டையும் ஒரே பேட்ச் ஃபைலில் எழுதுங்கள்: மேல் வரியில் ஃபைல்களைக் காப்பி செய்யும் 'ரோபோகாப்பி' கட்டளை, கீழ் வரியில் பிஎஸ்ஷட்டவுன். முதல் வரி முடியாமல் இரண்டாவது வரி ஓடாது. தனித்தனி டாஸ்க்காக 9.00, 9.30 என்று நேரக் கணக்கில் வைத்தால், ஃபைல்கள் கூடிய ஒருநாளில் காப்பி பாதியில் நின்றுவிடும். இந்தக் கருவி யாரையும் கேட்காது என்பது பலம்தான். இங்கே அதுவே ஆபத்து.

எல்லோரும் பகிரும் அந்த ரன்டிஎல்எல் வரி

டவுன்லோட் எதுவும் வேண்டாம் என்று சொல்லி 'ரன்டிஎல்எல்32, பவர்பிராஃப்.டிஎல்எல், செட்சஸ்பெண்ட்ஸ்டேட் 0,1,0' என்ற வரியை ஊர் முழுக்கப் பகிர்கிறார்கள். ரன்டிஎல்எல்32 என்பது விண்டோஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்களை வெளியிலிருந்து கூப்பிடும் கருவி. அதை வைத்திருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள்.

செட்சஸ்பெண்ட்ஸ்டேட் என்ற ஃபங்ஷன் மூன்று விவரம் கேட்கிறது: ஹைபர்னேட்டா இல்லையா, கட்டாயப்படுத்தவா, எழுப்பும் நிகழ்வுகளை முடக்கவா. 0,1,0 என்று எழுதினால் முதல் பூஜ்யம் "ஹைபர்னேட் வேண்டாம்" என்று போய்ச் சேரும் என எல்லோரும் நம்புகிறார்கள். போய்ச் சேராது. ரன்டிஎல்எல்32 எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் தனக்கென்று இருக்கும் ஒரே வடிவத்தில்தான் கூப்பிடும்: முதலிடத்தில் ஒரு விண்டோவின் அடையாள எண், மூன்றாமிடத்தில் நீங்கள் எழுதிய '0,1,0' மெமரியில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. இரண்டும் பெரும்பாலும் பூஜ்யமாக இருக்காது. அதனால் ஃபங்ஷனுக்குக் கேட்பது "ஹைபர்னேட் செய், எழுப்பும் டைமரையும் முடக்கு" என்பதுதான். ஸ்லீப் கேட்டால் ஹைபர்னேட் ஆவதும், காலை 8.45-க்குத் தானாக எழ வேண்டிய டாஸ்க் எழாமல் போவதும் இதனால்தான்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக அதே ஆட்கள் சொல்வது இன்னும் மோசம்: 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்'. ஹைபர்னேட் வசதியையே பிடுங்கிவிட்டால், வேறு வழியில்லாமல் ஸ்லீப் ஆகும். ஆகும்தான். ஆனால் நம் பக்கத்துக்கு இது சரிப்படாது. ஸ்லீப்பில் உங்கள் வேலையெல்லாம் ராமில் இருக்கிறது. ராமுக்குக் கரண்ட் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கினால், கடை திறக்குமுன்பே ஸ்லீப்பில் இருந்த சிஸ்டம் யுபிஎஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு அணைந்துவிடும். மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் தண்ணீர் நின்றால் பாதுகாப்புக்காக லைனை நிறுத்துவார்கள். அது இரவெல்லாம் நீடிக்கலாம்.

ஹைபர்னேட்டைப் பிடுங்காமல் இருந்தால் டெஸ்க்டாப்பில் 'ஹைப்ரிட் ஸ்லீப்' கிடைக்கும். ராமிலும் வைத்துக்கொள்ளும், டிஸ்கிலும் ஒரு பிரதி எழுதிவிடும். கரண்ட் இருந்தால் நொடியில் எழும். போயிருந்தால் டிஸ்கிலிருந்து மீண்டுவரும். பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், ஸ்லீப் என்ற இடத்தில் 'அலவ் ஹைப்ரிட் ஸ்லீப்' ஆன் ஆக இருக்கிறதா பாருங்கள். டிஸ்கில் எவ்வளவு இடம் போகும்? விண்டோஸ் 10-இல் அந்தப் பிரதிக்கான ஃபைல் வழக்கமாக ராமில் 40 சதவீதம் பிடிக்கும். 8 ஜிபி ராமுக்கு 3.2 ஜிபி.

நம்பிக்கையில் விடாமல் சோதித்துவிடுங்கள். நோட்பேடில் ஏதாவது நாலு வார்த்தை அடித்து, சேவ் செய்யாமல், பிஎஸ்ஷட்டவுனால் ஸ்லீப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணைந்து ஒரு நிமிஷம் கழித்து பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகி ஆன் செய்யுங்கள். நாலு வார்த்தையும் அப்படியே இருந்தால் ஹைப்ரிட் வேலை செய்கிறது. இல்லையென்றால் இரவுக்கு ஸ்லீப்பே வேண்டாம், 'ஹெச்' போட்டு ஹைபர்னேட் செய்யுங்கள். மண்ணடியில் ஜும்மாவுக்காக வெள்ளி மதியம் மூடித் திறக்கும் கடைக்கு ஸ்லீப், இரவுக்கு ஹைபர்னேட் என்று இரண்டு ஐகான் வைப்பதுதான் எங்கள் சிபாரிசு.

தூங்கியது ஏன் எழுந்தது

கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தும் "காலையில் பார்த்தால் ஆனில் இருக்கிறது" என்பார்கள். 'பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்' கொடுத்தால் எழுப்பியது எது என்று தெரியும். வழக்கமான குற்றவாளி மவுஸ். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கடைகளில் இரவெல்லாம் கன்டெய்னர் லாரி போகும். மேஜை அதிர்ந்து ஆப்டிகல் மவுஸ் துளி நகர்ந்தாலும் சிஸ்டம் கண்ணைத் திறந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மவுஸ், பவர் மேனேஜ்மென்ட், 'இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம்' என்ற டிக்கை எடுங்கள். கீபோர்டுக்கு விட்டுவையுங்கள்.

அடுத்தது நெட்வொர்க் கார்டு. பக்கத்து சிஸ்டம் ஷேர் ஃபோல்டரைத் தேடினாலே எழுந்துவிடும். 'மேஜிக் பாக்கெட் (எழுப்புவதற்கென்றே அனுப்பும் சிக்னல்) வந்தால் மட்டும் எழு' என்ற டிக் போட்டால் அடங்கும். மூன்றாவது, அப்டேட் வைக்கும் டைமர். 'பவர்சிஎஃப்ஜி /வேக்டைமர்ஸ்' காட்டிக்கொடுக்கும்.

எழுந்த பிறகு டிஜிட்டல் சிக்னேச்சர் யுஎஸ்பி டோக்கன் தெரியவில்லை என்றால் கழற்றிச் செருகினால் சரியாகும். கஸ்டம்ஸ் ஃபைலிங் செய்யும் ஆபீஸ்களில் இது காலை நேர எரிச்சல், அவ்வளவுதான்.

எங்கே தோற்கிறது

வாங்குமுன், அதாவது டவுன்லோட் செய்யுமுன், 'பவர்சிஎஃப்ஜி /ஏ' கொடுத்துப் பாருங்கள். 'ஸ்டாண்ட்பை எஸ்3', அதாவது ராமுக்கு மட்டும் கரண்ட் விடும் வழக்கமான ஸ்லீப், கிடைக்கிறது என்று வந்தால் இந்தக் கருவி நிம்மதியாக ஓடும். புது லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 இருக்காது, 'எஸ்0 லோ பவர் ஐடில்' மட்டும் இருக்கும். அங்கே டெல்லி 'டி' பலிக்காது. அந்த வகை லேப்டாப் திரை அணைவதையே தூக்கத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். புதிய பதிப்புகளில் திரையை அணைக்க 'எக்ஸ்' ஸ்விட்ச் இருக்கிறது, அதை முயலலாம். மூடியை மூடுவது இதைவிடச் சுலபம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த பழைய சிஸ்டத்தில் ஸ்லீப்பே இல்லை என்று வந்தால், பயாஸைக் குடைவதற்கு முன் டிஸ்பிளே டிரைவரைப் பாருங்கள். விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் கிராஃபிக்ஸ் டிரைவர் போடாமல் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்றே விட்டிருந்தால் ஸ்லீப் கிடைக்காது. சரியான டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். அதன் பிறகும் இல்லையென்றால்தான் பயாஸில் சஸ்பெண்ட் மோட் எஸ்1-ஆ எஸ்3-ஆ என்று பார்க்க வேண்டும்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லா சிஸ்டத்தையும் தூங்கவைக்கும் வசதிக்குத்தான் இந்தக் கருவிக்குப் பெயர். சிஸ்டம் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிசையாக எழுதி, அட் குறியோடு அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்தால் போதும். சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் டொமைன் (எல்லா சிஸ்டத்தின் கணக்குகளையும் ஒரே சர்வரில் நிர்வகிக்கும் ஏற்பாடு) இல்லாத சின்ன ஆபீஸில் 'ஆக்சஸ் டினைட்' என்றுதான் முதல் பதில் வரும். ஒவ்வொரு சிஸ்டத்திலும் அட்மின் கணக்கு, ஃபைல் ஷேரிங், ஃபயர்வால் வழி எல்லாம் திறந்திருக்க வேண்டும். போதாததற்கு ரெஜிஸ்ட்ரியில் 'லோக்கல்அக்கவுண்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி' என்ற மதிப்பை 1 ஆக்க வேண்டும். அது பாதுகாப்பைத் தளர்த்தும் வேலை. எதிர்முனையில் தற்காலிகமாக ஒரு சர்வீஸ் ஏற்றித்தான் இது வேலை செய்கிறது என்பதால் ஆன்டிவைரஸும் முறைக்கும். ஏற்கெனவே தூங்கிவிட்ட சிஸ்டம் பட்டியலில் இருந்தால் அதன் பதிலுக்காக நின்றுவிடும். 'என்' ஸ்விட்சில் 5 விநாடி என்று வரம்பு கொடுங்கள். ஐந்தாறு சிஸ்டம்தான் என்றால் இந்தத் தலைவலி வேண்டாம், ஒவ்வொன்றிலும் தனித்தனி டாஸ்க் வைப்பது மேல்.

மாற்று வழிகள்: ஒரே ஒரு சிஸ்டம்தான் என்றால் பிஎஸ்ஷட்டவுன்கூட வேண்டாம். பவர்ஷெல்லில் 'சிஸ்டம்.விண்டோஸ்.ஃபார்ம்ஸ்' அசெம்பிளியை ஏற்றி, அதன் 'அப்ளிகேஷன்' கிளாஸில் உள்ள செட்சஸ்பெண்ட்ஸ்டேட்டுக்கு 'சஸ்பெண்ட், ஃபால்ஸ், ஃபால்ஸ்' கொடுத்தால் மூன்று விவரமும் உள்ளபடியே போய்ச் சேரும். நிர்சிஎம்டி என்ற இலவசக் கருவியில் 'ஸ்டாண்ட்பை' என்று ஒரு சொல் போதும், சுலபம். ஆனால் அதை ஆன்டிவைரஸ் தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கும். லினக்ஸ்காரர்களுக்கு 'சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்', மேக்கில் 'பிஎம்செட் ஸ்லீப்நவ்'. அவர்களுக்கு இந்த வம்பே இல்லை.

டேலி டேட்டா எந்த சிஸ்டத்தில் இருக்கிறதோ அதில் இந்த ஐகானையே வைக்காதீர்கள். மற்ற கவுண்டர்கள் அந்த ஃபோல்டரைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது அது தூங்கினால், எல்லோருடைய இணைப்பும் ஒன்றாக அறுந்து டேட்டா கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. கடைசிக் கவுண்டரும் டேலியை மூடிய பிறகு, அந்த ஒன்றை மட்டும் கையால் ஷட்டவுன் செய்யட்டும்.