ஆர் மென்பொருளின் ப்ராப்.டெஸ்ட்: கணக்கை நம்பலாம், எச்சரிக்கையை மட்டும் நம்ப வேண்டாம்

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளை நிறுவியவுடன் கூடவே வந்துவிடும் ப்ராப்.டெஸ்ட் (prop.test) என்ற சார்பு, இரு விகிதசமங்களின், அதாவது இரு குழுக்களில் ஒன்று நிகழ்ந்தவர்களின் பங்குகளின், வித்தியாசத்துக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சை) ஒரே வரியில் தந்துவிடுகிறது. புள்ளியியல் வகுப்பில் பல பருவங்களாக இதைப் பயன்படுத்திவரும் எனக்கு, இதன் கணக்கில் குறை எதுவும் தெரியவில்லை.

அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பிரின் பெற்ற 11,037 பேரில் 104 பேருக்கும், போலி மாத்திரை பெற்ற 11,034 பேரில் 189 பேருக்கும் மாரடைப்பு வந்தது. இந்த நான்கு எண்களைக் கொடுத்தால், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 4.6 முதல் 10.8 வரை வித்தியாசம் என்று விடை வருகிறது. மருத்துவர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள்; மாரடைப்பு வந்தவர், வராதவர் எண்ணிக்கை இரு குழுக்களிலும், இந்தக் கணக்குக்குக் குறைந்தது தேவை எனப்படும் 10-ஐ வெகுவாகத் தாண்டுகிறது. ஆகவே இந்த இடைவெளியைத் தயக்கமின்றி ஏற்கலாம்.

சிறிய கூறுகளில் (ஆய்வுக்கு எடுத்த மாதிரிகளில்) தான் கவனம் தேவை. 40 பேரில் 3, 40 பேரில் 9 என்று கொடுத்துப் பாருங்கள். எந்த எச்சரிக்கையும் வராது. காரணம், இந்தச் சார்பு இரு கூறுகளையும் சேர்த்துப் பொது விகிதசமம் 0.15 என்று கண்டு, அதன்படி ஒவ்வொரு கூறிலும் எதிர்பார்க்கப்படும் வெற்றி, தோல்வி எண்ணிக்கை (அலைவெண்) ஏதேனும் 5-க்குக் கீழே போனால் மட்டுமே எச்சரிக்கிறது. இங்கே மிகச் சிறிய அலைவெண் 6. இது, இரு விகிதசமங்களும் சமமா என்று பார்க்கும் கை வர்க்கச் (chi-square) சோதனைக்கு உரிய நிபந்தனை. நம்பிக்கை இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிக்கும் திட்டப்பிழையோ இரு விகிதசமங்களையும் தனித்தனியாக வைத்தே கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு கூறிலும் உண்மையில் கிடைத்த வெற்றி, தோல்வி எண்ணிக்கை குறைந்தது 10 இருக்கிறதா என்று பார்ப்பதே பாடநூல் வழக்கம். இங்கே 3, 9 இரண்டுமே அதில் தேறாது. எச்சரிக்கை வராததை அனுமதி என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இத்தகைய இடங்களில் ஒவ்வொரு கூறிலும் ஒரு வெற்றியையும் ஒரு தோல்வியையும் கூட்டி, 42-இல் 4, 42-இல் 10 என்று வைத்துக் கணக்கிடும் அக்ரெஸ்டி–காஃபோ முறையை நான் பரிந்துரைப்பேன். ப்ராப்.டெஸ்டில் தொடர்ச்சித் திருத்தம் (முழு எண்களைத் தொடர்ச்சியான வளைவால் தோராயப்படுத்துவதற்கான சிறு ஈடு) இயல்பாகவே சேர்க்கப்பட்டிருப்பதால், கையால் போட்ட விடையைவிட இடைவெளி சற்று அகலமாக வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். திருத்தம் வேண்டாமென்றால் கரெக்ட் (correct) என்ற இடத்தில் ஃபால்ஸ் (FALSE) என்று கொடுத்தால் போதும்.

தரவு எப்படித் திரட்டப்பட்டது என்பதை எந்தச் சார்பாலும் அறிய முடியாது. முழுமைத் தொகுதியிலிருந்து திரும்ப வைக்காமல் கூறு எடுத்திருந்தால், அது தொகுதியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே 40 பேரிடம் கேட்டிருந்தால், அவை இரு தனிக் கூறுகளே அல்ல. அங்கே இந்தச் சார்பைத் தொடாமல், இப்படி இணையான தரவுக்கென்றே உள்ள மெக்நெமர் சோதனைக்குப் போவதே முறை.